அட்டை மாமாவின் சனிக்கிழமை

எனக்கு ஜிகினாத் தூள் என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலை என்னுடையது. சனிக்கிழமை மதியம் பெருக்குகிற அம்மா சீக்கிரம் கிளம்பிவிடுவார். அதனால் மாடிக் கூடத்தில் கதையும் கைவேலையும் முடிந்த பிறகு துடைப்பம் என் கைக்கு வந்துவிடும். காகிதத் துண்டைப் பெருக்கலாம், காய்ந்த கோந்தைச் சுரண்டலாம், ஜிகினாவை என்ன செய்வது? திங்கட்கிழமை அகராதியைத் திறந்தால் அதற்குள்ளும் மின்னும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். கொண்டுவந்த மனுஷர் ஏன் என்று கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "ம்" என்றார். பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் கூடத்துக்கு ஜிகினா வரவே இல்லை.

அவர்தான் அட்டை மாமா. குழந்தைகள் வைத்த பெயர். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. செருப்போ விளக்கோ புதிதாக ஒரு சாமான் விற்பனைக்கு வந்தால் அதற்குப் பெட்டி வேண்டுமே, அந்த முதல் பெட்டியைக் கையால் வெட்டி, மடித்து, சரிபார்த்துக் கொடுப்பவர் அவர். அதன் பிறகுதான் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடிப்பார்களாம். நெட்டையான ஆள். காதில் எப்போதும் மை தீர்ந்த பேனா ஒன்று இருக்கும். அந்த முனையால் அட்டையில் அழுத்திக் கோடு இழுத்தால் பிசிறில்லாமல் மடியும். குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு தீர்ந்த பேனா கொடுத்துவைத்திருந்தார். பேச்சு மட்டும் கிடையாது. எதைக் கேட்டாலும் "ம்". வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வளர்த்திருக்க வேண்டும்.

அவர் என்னிடம் முழு வாக்கியமாகப் பேசியது இரண்டே தடவை. முதல் தடவை, அவர்கள் நூலகத்துக்கு வந்த முதல் நாள். புதுப் புத்தகங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து வாசலில் கிடந்தன. நான் குனிந்து தனியாகவே இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பழக்கம். வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு பழைய இரும்புப் பெட்டி இருக்கிறது. பெருக்குவதற்காக அதை இழுத்து இழுத்தே என் இடுப்பு போயிற்று. என் வீட்டுக்காரர் காலை மட்டும் தூக்கிக்கொண்டு செய்தித்தாளைத் தொடர்ந்து படிப்பார். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம். அட்டை மாமா வந்து என் கையை விலக்கிவிட்டு, பெட்டியின் இரண்டு பக்கத்திலும் இருந்த துளைகளைக் காட்டினார்.

"அக்கா, ஒரு ஆள் தூக்குற பெட்டின்னா பிடி மேல இருக்கும். இப்படி ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டிருந்தா ரெண்டு பேர் தூக்கணும். தெரிஞ்சுதான் வெக்கிறோம்."

சொல்லிவிட்டு ஒரு பக்கத் துளையில் கையை விட்டுக்கொண்டு நின்றார். இன்னொரு பக்கத்தைப் பிடித்தது அவர் மனைவி. அவள் சிரித்துக்கொண்டே, "கல்யாணத்தன்னிக்கே எனக்கு இந்தப் பாடம் நடந்துருச்சுக்கா" என்றாள்.

அவளைக் குழந்தைகள் கதை அத்தை என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாள், முகத்துக்குப் பொருந்துகிற சட்டத்தை எடுத்து மாட்டிவிடுவாள், வந்தவரின் பேரன் பேத்தி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவாள். அவள் கதை சொன்னால், அழைத்துப்போக வந்த பெற்றோர்கூட மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் இருவருக்கும் ஒரு முறை இருந்தது. அத்தை பாதிக் கதையைச் சொல்லி, சரியான இடத்தில் நிறுத்திவிடுவாள். பிறகு மாமா எழுந்து, அந்தக் கதைக்கு வேண்டிய ஒரு பொருளைக் குழந்தைகளைச் செய்யவைப்பார். கிணறு, ஏணி, தொப்பி, எதுவாகவும் இருக்கும். மாதிரிக்கு அவர் செய்ததை அத்தையின் மேசையில் வைத்துவிடுவார். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவள் மீதிக் கதையை ஆரம்பிப்பாள். எதைச் செய்வது என்று வாரத்தின் நடுவிலேயே சமையலறையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்களாம். பேசியது யாராக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பிரிந்துவிட்டார்கள். குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. ஒரு யானைதான் காரணம்.

அவளே என்னிடம் சொன்னாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கடையிலிருந்து வந்ததும் அன்று நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டுவாள். அவர் "ம்" போடுவார். வருஷக்கணக்கில் இப்படியே போனது. காது கேட்கிறதா, மனசு கேட்கிறதா, ஒன்றும் தெரியாது. ஒருநாள் சோதித்துப் பார்ப்போமே என்று, "இன்னிக்கு கடைக்கு ஒரு யானை வந்துச்சு, கண்ணாடி மாட்டிப் பாத்துட்டு பிடிக்கலன்னு போயிருச்சு" என்றிருக்கிறாள். அதற்கும் "ம்". அன்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

வந்த சனிக்கிழமை யார் வருவார்கள் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரண்டு பேருமே வந்தார்கள். மற்றவர் வரமாட்டார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். குழந்தைகள் ஏமாந்துவிடக்கூடாது என்ற கவலை இருவருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவள் கதை சொன்னாள், அவர் பெட்டியைத் திறந்து அட்டைகளை எடுத்தார். அப்படியே தொடர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனித்தேன். இப்போது சமையலறைப் பேச்சு கிடையாதல்லவா? அவள் என்ன கதை சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. குழந்தைகளோடு குழந்தையாகப் பின்னால் நின்று கேட்டு, கதை நிற்கிற இடத்தில் என்ன வேண்டும் என்பதை அங்கேயே யோசித்தாக வேண்டும். அவரும் அப்படித்தான் கேட்டார், ஒரு சொல் விடாமல். கதையில் போகிறபோக்கில் ஒரு கிழவருக்கு இடதுகால் ஊனம் என்று அவள் சொல்லியிருப்பாள், இவர் செய்த அட்டைக் கிழவருக்கு இடதுகால்தான் குட்டையாக இருக்கும். அவள் அதைக் கையில் எடுத்து அந்தக் காலைத் தடவிப் பார்ப்பாள். காது கொடுக்கவில்லை என்று விட்டுவிட்டுப் போனவளுக்கு வாரம் தவறாமல் அந்த மனுஷர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சும்மா இருப்பேனா? ஒருநாள் கோந்துப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன். யானை கண்ணாடி மாட்டியது என்று ஒருத்தி சொன்னால் அதற்கும் தலையாட்டுவதா, அப்படி என்னதான் நினைப்பு என்று. அவர் புட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டேன்க்கா. விளையாட்டாத்தான் சொல்றான்னு தெரிஞ்சுது. யானைக்குக் காது ரொம்பப் பின்னால இருக்கே, கண்ணாடிக்குக் கம்பி எவ்வளவு நீளம் வெக்கணும், அது எந்த மாதிரிப் பெட்டில அடங்கும்னு யோசிச்சிட்டிருந்தேன். சொல்லலாம்னு திரும்பினா, அவ தூங்கிட்டா."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை நாலு போடவேண்டும் போலவும் இருந்தது. ஓட்டமாக ஓடிப்போய் அவளிடம் ஒப்பித்தேன். அவள் முகம் மலரும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் கண் சிவந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வாய் இருக்கிறது, என்னிடம் சொல்ல மட்டும் இல்லையா என்றாள். கேட்டது நியாயம்தானே? இனி இவர்களுக்கு நடுவில் தூது போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த முடிவோடு நான் இருந்தபோதுதான் அவள் வந்து அந்தச் செய்தியைச் சொன்னாள். வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அக்கா சொந்தமாகக் கண்ணாடிக் கடை திறந்திருக்கிறாள், கூட வந்து இரு என்று கூப்பிடுகிறாள். வருகிற சனிக்கிழமை கடைசி. அவரிடம் சொல்லிவிட்டாயா என்றேன். இல்லை என்றாள். அவர் போகாதே என்று சொன்னால் இருப்பாயா என்று கேட்டேன்.

"இருக்க மாட்டேன்க்கா. அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன், எனக்கும் அந்த வேலை பிடிச்சிருக்கு. ஆனா போறதுக்கு முன்னாடி அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வேணும். இத்தனை வருஷம் நான் பேசினது காதுல விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அது போதும். நேர்ல போய்ச் சொன்னா 'ம்'ம்பார். அந்த 'ம்'மை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது. அதனால பிள்ளைங்ககிட்ட சொல்றப்போ அவரும் கேட்டுக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவர் எப்படியாவது பேசிவிட வேண்டும், அவளும் மனசு மாறி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அவளில்லாத சனிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. குழந்தைகள் பாயில் உட்கார்ந்தார்கள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் ஏன்-பாப்பா என்று நாங்கள் கூப்பிடுகிற குட்டி வழக்கம்போல முன்வரிசையைப் பிடித்துக்கொண்டாள். நான் கீழே வேலையை விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றேன். அத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். இதுதான் இங்கே அவள் சொல்லும் கடைசிக் கதை, அடுத்த வாரம் அக்கா ஊருக்குப் போகிறாள், அங்கேயே இருக்கப்போகிறாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் ஓ என்றார்கள். மாமா பின்னால் நின்று, அடைத்துக்கொண்ட கோந்துப் புட்டியின் மூக்கை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். அந்தக் கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார், எனக்கு முன்பே தெரியும் என்பதைப் புரிந்துகொண்டார். பிறகு தலையைக் குனிந்து மறுபடி குத்த ஆரம்பித்தார்.

அவள் கதையை ஆரம்பித்தாள். ஒரு பெரிய ஆறு. பனி மூடுகிற காலத்தில் படகுகளுக்குக் கரை தெரியாது. கரையில் ஒரு மணி இருக்கிறது. அதை அடித்தால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகுகள் வந்து சேரும். மணி அடிப்பது ஒரு பெண்ணின் வேலை. நாளெல்லாம் அடிக்கிறாள். படகுகள் வருகின்றன, ஆட்கள் இறங்கிப் போகிறார்கள். மணிச் சத்தம் கேட்டது என்று ஒருத்தரும் நின்று அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குக் கை வலிக்கிறது. ஒருநாள் அக்கரையிலிருந்து கூப்பிடுகிறார்கள், இங்கேயும் ஒரு மணி இருக்கிறது, வா என்று. அவள் போவது என்று முடிவு செய்துவிட்டாள். காலையில் முதல் படகு.

அங்கே நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். கதையில் அந்தப் பெண்ணுக்குக் கணவன் இல்லை, உறவு இல்லை, பக்கத்து வீடுகூட இல்லை. எனக்கே சுருக்கென்றது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் நின்றார். குழந்தைகள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு மணியைச் செய், ஒரு கயிற்றைச் செய்து படகைக் கட்டிப்போடு, எதையாவது செய்து அவளை நிறுத்து என்று. அவர் காதிலிருந்த பேனாவை எடுத்து அட்டையில் கோடு இழுத்தார். வெட்டினார், மடித்தார், நாக்கு போல நீட்டியிருந்ததை உள்ளே செருகினார். ஒரு பெட்டி எழுந்து நின்றது. பயணப் பெட்டி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போகிறேன் என்கிறாள், இவர் மூட்டை கட்டிக் கொடுக்கிறார். இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா? பிள்ளைகளும் ஆளுக்கொரு பெட்டியை மும்முரமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி பூ வரைந்தாள், ஒருத்தி பூட்டு வரைந்தாள். அவர் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து, துளை போட வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டே போனார். பிறகு தன் பெட்டியைக் கொண்டுபோய் அத்தையின் மேசையில் வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது, ஆனாலும் கதையை விடவில்லை. அந்த மணிக்காரப் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள் என்று சொல்லிக்கொண்டே தூக்கப் பார்த்தாள். பிடியைத் தேடி அவள் கை பெட்டியின் மேல்பக்கம் போனது. அங்கே பிடி இல்லை. பக்கவாட்டில் தடவினாள், ஒரு துளை இருந்தது. மறுபக்கம் தடவினாள், அங்கேயும் ஒரு துளை. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதை நின்றுவிட்டது.

ஏன்-பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"மேல பிடி வெக்காம ஏன் ரெண்டு பக்கமும் ஓட்டை வெச்சிருக்கு?"

கதையில் கேள்வி என்றால் பதில் சொல்வது அத்தைதான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பதில் பின்னாலிருந்து வந்தது.

"அது ஒரு ஆள் தூக்குற பெட்டி இல்ல, பாப்பா."

இத்தனை காலத்தில் அவர் குரலைக் கேட்டிராத பிள்ளைகளும் இருந்தார்கள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குட்டி விடவில்லை. அந்த அம்மா தனியாகத்தானே போகிறாள் என்று கேட்டாள்.

"யாரையும் கூட வான்னு கேக்கவே இல்லையே" என்றார் அவர். குழந்தையைப் பார்த்து ஆரம்பித்தவர் அத்தையைப் பார்த்து முடித்தார். காதிலிருந்த பேனாவைக் கையில் எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, கஷ்டப்பட்டு மேலே பேசினார். "மணிச் சத்தம் கேட்டுச்சு. தினமும் கேட்டுச்சு. கேட்டுதான் நான் வீடு வந்து சேந்தேன். சொல்லத்தான் தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பெட்டியின் ஒரு பக்கத் துளையில் கையை விட்டபடியே கதையை எடுத்தாள்.

"அவ படகுக்காரர்கிட்ட சொன்னா, கொஞ்சம் நில்லுங்க, இன்னொருத்தர் வீட்டைப் பூட்டிட்டு வரணும்னு."

"யாரு அந்த இன்னொருத்தர்? கதையிலேயே இல்லையே" என்றாள் ஏன்-பாப்பா.

"இருந்தார்டா கண்ணு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் சொன்ன நாளில் கிளம்பினாள். பேருந்து வரைக்கும் அவளுடைய பெட்டியைத் தூக்கிவந்து ஏற்றினார்கள், ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவர். அவருடைய நீளக் காலுக்கு அவள் ஓட வேண்டியிருந்தது. மெதுவா, மெதுவா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். தொழிற்சாலையில் கணக்கை முடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். எந்த ஊரில்தான் பெட்டி வேண்டாம்? ஒருத்தியையாவது நிறுத்திவைக்கலாம் என்று நினைத்தேன், இரண்டு பேரும் போய்விட்டார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் சனிக்கிழமை மதியமானால் மாடிப்படி ஏறப் பிடிக்கவில்லை. இப்போது ஒரு கல்லூரிப் பெண் வந்து கதை சொல்கிறாள். நன்றாகத்தான் சொல்கிறாள். ஜிகினாவும் கொண்டுவருகிறாள். நான் கத்துவதில்லை.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் துடைப்பத்தை எடுத்தேன். கட்டிலுக்கடியிலிருக்கும் இரும்புப் பெட்டியை இழுக்கக் குனிந்தேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு காலைத் தூக்கிக்கொண்டார். நான் நிமிர்ந்து நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முணுமுணுத்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணில் படும்படி நடந்திருக்கிறேன். கேட்டதில்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து வந்து பிடித்தார்.